மதுவும் கவிதையும் செம்புத் தகட்டில்: எட்சிங் படம் உருவாகும் விதம்

ஓவியக் கண்காட்சியில் எட்சிங் படத்தின் முன் நிற்கிறவர்கள் முதலில் கேட்பது, "இது ஒரிஜினலா, பிரிண்டா?" என்றுதான். படத்தின் கீழே பென்சிலில் 3/20 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். இருபது நகல் போட்டிருக்கிறார், இது மூன்றாவது, அசல் ஓவியரின் வீட்டில் இருக்கும். அப்படியோர் அசல் எந்த வீட்டிலும் இல்லை. காகிதத்தில் மை ஏறும்வரை அந்தப் படம் படமாக எங்கும் இருந்ததே இல்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் எட்சிங் என்றால் வாசல் கதவுக் கண்ணாடியில் மயிலும் பிள்ளையாரும் போட்டுத் தருகிற வேலை என்றே பலருக்கும் பழக்கம். அது பெரும்பாலும் மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிக் கண்ணாடியை மங்கலாக்கும் வேலை. இங்கே பேசப்போவது வேறு: உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து, அதில் மை நிரப்பி, காகிதத்தில் அழுத்தி எடுக்கும் பதிப்போவியம்.

மதுவையும் கவிதையையும் பொருளாக வைத்து எட்சிங் செய்த ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக உண்டு. மதுரைக்காரர் ஒருவர் அதே பொருளை எடுத்தால் கவிதைக்கும் மதுவுக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. ஆகவே புறநானூற்றின் 56ஆம் பாடலை ஒரு தகடாக்குவதாக வைத்துக்கொண்டு, முதல் கோட்டிலிருந்து கடைசி அச்சு வரை பார்ப்போம்.

## பெயர் வெட்டிய பாத்திரம்

எவர்சில்வர் அண்டாவோ குடமோ வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். சில வருடம் புழங்கிய பிறகு அந்த எழுத்தைக் கவனியுங்கள். பாத்திரத்தை எவ்வளவு துலக்கினாலும் மேல்பரப்புதான் பளபளக்கும். எழுத்தின் பள்ளத்தில் கருப்பு அப்படியே தங்கியிருக்கும். துணியும் நாரும் மேட்டைத் துடைக்கும், பள்ளத்துக்குள் போகாது. இப்போது அந்த இடத்தில் ஈரக் காகிதத்தை வைத்து மிகுந்த பலத்தோடு அழுத்தினால் காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி, அங்கிருக்கும் கருப்பை ஒட்டிக்கொண்டு வரும். பெயர் இடவலம் மாறிக் காகிதத்தில் விழும்.

இந்த முறைக்குப் பள்ள அச்சு என்று பெயர். ஓவியர்கள் இன்டாலியோ என்பார்கள். ரப்பர் ஸ்டாம்ப்பில் மேடான பகுதியில் மை ஒட்டும். பள்ள அச்சில் மேடு வெறுமையாக இருக்கும், பள்ளம் மையைத் தாங்கும். எட்சிங், பள்ள அச்சின் ஒரு வகை.

## வெட்டுவதும் அரிப்பதும்

தகட்டில் பள்ளம் உண்டாக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. கூரான எஃகு உளியால் உலோகத்தையே உழுது இழையிழையாக வெட்டி எடுப்பது என்கிரேவிங். அமிலத்தை வைத்து அரிக்கச் செய்வது எட்சிங். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது படித்தவர்களிடமும் சகஜம்.

மதுவையே பொருளாகக் கொண்ட இரண்டு படங்களை வைத்து வித்தியாசத்தைப் பிடிக்கலாம். இத்தாலிய ஓவியர் மான்டெக்னா 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுத் தொட்டியைச் சுற்றிக் களிக்கும் கூட்டத்தைச் செதுக்கினார். அது என்கிரேவிங். கோடுகள் விறைப்பாக, ஒழுங்காக, ஒரே திசையில் சாய்ந்து நிற்கும், ஏனென்றால் உளியைத் தள்ளும் கைக்கு வளைந்தாட இடமில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸில் இருந்த ஓவியர் ரிபேரா 1628இல், கிரேக்கப் புராணத்து மதுக் கடவுளின் தோழனான சைலீனஸ் போதையில் சாய்ந்துகிடப்பதை வரைந்தார். அது எட்சிங். தொப்பையின் மடிப்பும் ஆட்டுக்கால் மனிதர்களின் ரோமமும் பேனாவால் கிறுக்கியதுபோல் இயல்பாக ஓடும். எட்சிங்கில் கை வெட்டுவதில்லை, தகட்டில் பூசிய மெழுகில் எழுதுகிறது. உலோகத்தோடு மல்லுக்கட்டும் வேலை அமிலத்தினுடையது.

இந்த நுட்பம் கவசம் செய்கிறவர்களிடமிருந்து வந்தது. எஃகுக் கவசத்தில் அமிலத்தால் பூவேலை செய்து பழகிய ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து டேனியல் ஹாப்ஃபர், 1500ஆம் ஆண்டை ஒட்டி அதையே காகித அச்சுக்குத் திருப்பினார். அவர் பயன்படுத்தியது இரும்புத் தகடு. செம்பு பின்னால் வந்து நிலைத்தது.

எட்சிங் என்றாலே நகல் என்ற எண்ணம் எப்படி வந்தது? புகைப்படம் வருவதற்கு முன் ஓவியங்களைப் பலருக்கும் கொண்டுசேர்க்க இதே தகடுகள் பயன்பட்டன. ஸ்பெயின் ஓவியர் கோயா, வெலாஸ்குவெஸ் வரைந்த குடிகாரர்களின் ஓவியத்தை 1778இல் எட்சிங்காக்கினார். அது நகல்தான். அதே கோயா 1799இல் வெளியிட்ட 80 தகடுகளின் தொகுதி நகலல்ல; அவை தகட்டில் அரிக்கப்படுவதற்காகவே வரையப்பட்டவை. கருவி ஒன்றே, நோக்கம் வேறு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பள்ளத்தில் தங்கும் மையை ஈரக் காகிதம் எடுத்துக்கொள்கிறது. பள்ளத்தை உளி உண்டாக்கினால் என்கிரேவிங், அமிலம் உண்டாக்கினால் எட்சிங்.

## பாட்டிலிருந்து தகட்டுக்கு

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்திய பாட்டில் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்று ஒரு வரி வருகிறது. யவனர், அதாவது கிரேக்க ரோமானியர், கடல் கடந்து கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, அதாவது தெளிந்த மதுவை, பொற்கலத்தில் ஏந்தி, ஒளிவீசும் வளையணிந்த பெண்கள் நாளும் ஊட்ட, மகிழ்ந்து வாழ்வாயாக என்கிறது பாட்டு. வைகை கடலை அடையும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள அழகன்குளத்தில் ஆம்போரா என்ற மத்தியதரைக்கடல் சாடிகளின் உடைந்த ஓடுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ஆம்போராவுக்கு இரண்டு கைப்பிடி, கூம்பி முடியும் அடி. தரையில் தானாக நிற்காது. மணலில் குத்தி வைக்க வேண்டும், அல்லது எதன் மீதாவது சாய்த்து வைக்க வேண்டும்.

கவிதையால் தூண்டப்பட்ட எட்சிங் என்றால் கவிதைக்குப் படம் போடுவது என்று நினைக்க வேண்டாம். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1976–77இல் அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸின் நெடுங்கவிதை ஒன்றைப் படித்த உந்துதலில் 20 எட்சிங்குகள் செய்தார். கவிதையின் நிகழ்ச்சிகளை வரிசையாகக் காட்டும் படங்கள் அல்ல அவை. நம் தகட்டிலும் அரசனை உட்காரவைத்து வரைந்தால் காலண்டர் படமாகிவிடும். அதைவிட நல்லது, பாட்டில் இருக்கும் தூரத்தைப் பிடிப்பது. எங்கோ பிழிந்த சாறு வைகைக் கரையில் ஒரு கிண்ணத்தில் வந்து நிற்கிறதே, அந்தத் தூரம்.

15 × 20 சென்டிமீட்டர் தகடு. பின்னால் மெல்லிய கோடுகளில் கடல். நடுவில் கிண்ணம் ஏந்திய, வளையணிந்த ஒரு கை, மணிக்கட்டு வரை மட்டும். முன்னால் சாய்ந்து கிடக்கும் ஆம்போரா. அதன் அடியில் கனத்த நிழல். ஓரத்தில் பாட்டின் அந்த ஒரு வரி. ஆக நான்கு அளவுக் கருமை வேண்டும்: கடல், கை, சாடி, நிழல். இந்த நான்கையும் ஓவியர் பென்சிலை அழுத்தியும் லேசாக்கியும் கொண்டுவரப்போவதில்லை. எல்லாக் கோட்டையும் ஒரே ஊசியால், ஒரே அழுத்தத்தில்தான் இழுப்பார்.

## தகடும் மெழுகும்

செம்புத் தகடு 1 முதல் 1.5 மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். மதுரையில் பாத்திரக் கடைத்தெருப் பக்கம் எடைபோட்டு வாங்கலாம். 15 × 20 அளவில் 1.2 மில்லிமீட்டர் தகடு சுமார் 320 கிராம் வரும். கீறலும் நெளிவும் இல்லாததாகப் பார்க்க வேண்டும். வாங்கும்போது இருக்கும் ஒவ்வொரு கீறலும் அச்சில் ஒரு கோடு.

நான்கு விளிம்புகளையும் அரத்தால் 45 டிகிரிக்குச் சரித்துவிட வேண்டும். இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் கூர்மையான விளிம்பு அழுத்தத்தில் காகிதத்தைக் கிழிக்கும், அச்சுப் பொறி உருளையின் கம்பளி விரிப்பையும் வெட்டும். பிறகு 1000, 1500 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, உலோகப் பாலிஷால் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும். கடைசியாக எண்ணெய்ப் பசை நீக்கம்: சாக்பீஸ் தூளில் சில சொட்டு அம்மோனியா விட்டுக் குழைத்துத் தேய்த்துக் கழுவுவது. தகட்டைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாக நின்றால் சுத்தம். திட்டுத்திட்டாக விலகி ஓடினால் அந்த இடத்தில் விரல் எண்ணெய் இருக்கிறது. அங்கே மெழுகு பிடிக்காது.

அடுத்து மெழுகுப் பூச்சு. அமிலம் படாமல் தகட்டைக் காக்கும் மெல்லிய படலத்துக்கு கிரவுண்ட் என்று பெயர். பழைய பக்குவம்: தேன்மெழுகு இரண்டு பங்கு, ஆஸ்பால்டம் என்னும் நிலக்கீல் தூள் இரண்டு பங்கு, பைன் மரப் பிசினான ரோசின் ஒரு பங்கு. மெல்லிய சூட்டில் உருக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றி உருண்டை பிடித்து வைத்துக்கொள்வார்கள். மெழுகு வளைந்துகொடுக்கும், நிலக்கீல் அமிலத்தைத் தடுக்கும், ரோசின் கெட்டிப்படுத்தும். சித்திரை, வைகாசியில் மதுரை அறை வெப்பத்திலேயே இந்தப் பூச்சு பிசுபிசுக்கும். அப்போது மெழுகைச் சற்றுக் குறைத்துக் காய்ச்ச வேண்டும், அல்லது விடியற்காலையில் வரைய வேண்டும்.

தகட்டைச் சூடாக்கி உருண்டையைத் தொட்டால் உருகும். ரப்பர் உருளையால் மெல்லிதாகப் பரப்ப வேண்டும். தடித்துப்போனால் ஊசி பட்டதும் செதிலாகப் பெயரும். மெலிந்துபோனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக அமிலம் இறங்கிப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். பூசியபின் தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து மெழுகுவர்த்திச் சுடரை அடியில் ஓட்டிப் புகையேற்றினால் பரப்பு கன்னங்கரேலென்று ஆகும்.

ஊசி இப்போது அந்தக் கருப்பில் ஓடுகிறது. மெழுகு விலகிய இடத்தில் செம்பு பொன்னிறத்தில் மின்னும். உலோகத்தைக் கீறக் கூடாது. மெழுகைத் திறந்தால் போதும். இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள். கருப்பில் வெளிச்சமாகத் தெரியும் கோடு அச்சில் வெள்ளையில் கருப்பாக வரும், இடது வலதாக மாறி வரும். கண் பார்ப்பதற்கு நேர் எதிரானதை மனம் பார்க்க வேண்டும்.

## அமிலத்தில் நேரம்தான் கருமை

எட்சிங்கின் உயிர் இந்தக் கட்டம். இதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

செம்புக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது ஃபெரிக் குளோரைடு கரைசல். சர்க்யூட் போர்டு செய்கிறவர்களுக்காக எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கும் அதே பொருள்தான். ஃபெரிக் குளோரைடு செம்பிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து அதைக் குளோரைடாக்கிக் கரைக்கிறது. தான் ஃபெரஸ் குளோரைடாக மாறுகிறது. குமிழி வராது, புகை கிளம்பாது. ஆனால் பழுப்பு வண்டல் ஒன்று கோட்டுக்குள்ளேயே படிந்து அரிப்பைத் தடுக்கும். அதனால் தகட்டைக் கவிழ்த்தோ செங்குத்தாகவோ தொங்கவிட்டார்கள். 1990களில் எடின்பரோவில் இதற்கு ஓர் எளிய தீர்வு வந்தது: சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு, அந்த வண்டலைக் கரைத்துவிடும். 40 சதவீத ஃபெரிக் குளோரைடு கரைசல் 800 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து அதில் கலந்தால் நம் தகட்டுக்கான தட்டு நிறையும். தகட்டின் பின்புறத்தையும் விளிம்புகளையும் வார்னிஷ் பூசியோ பிளாஸ்டிக் டேப் ஒட்டியோ மறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் அரிக்கும், கரைசலும் வீணாகும்.

இனி நான்கு கருமை. தகடு முதலில் 5 நிமிடம் உள்ளே இருக்கிறது. எல்லாக் கோடும் சமமாக, லேசாக அரிபடும். வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்து, கடல் கோடுகளை மட்டும் தடுப்பு வார்னிஷால் மூடுகிறோம். அமிலம் இனி அங்கே போகாது. கடல் 5 நிமிட ஆழத்தில் நின்றுவிட்டது. மறுபடி 10 நிமிடம். கை மொத்தம் 15 நிமிடம் ஆயிற்று, அதையும் மூடு. இன்னும் 20 நிமிடம். சாடி 35. கடைசியாக 25 நிமிடம். நிழல் 60. ஆழம் கூடக்கூடப் பள்ளம் தாங்கும் மை கூடும், அச்சில் கோடு கறுக்கும், தடிக்கும். ஒரே ஊசி, ஒரே கை; கருமை வேறுபட்டது அமிலத்தில் இருந்த நேரத்தால்.

இந்த நேரக் கணக்கை அப்படியே யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கரைசல் பழையதாக ஆக வேகம் குறையும், வெப்பம் கூடினால் வேகம் கூடும். குளிர்நாட்டுப் பாடநூல் சொல்லும் 20 டிகிரி அளவு மதுரையின் 38 டிகிரிப் பிற்பகலுக்குப் பொருந்தாது. அதே செம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதில் 5, 10, 20, 40 நிமிடக் கோடுகளை அரித்து அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டு இல்லாமல் வேலை தொடங்குவது வீண்.

அமிலம் கீழ்நோக்கி மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். அருகருகே இழுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்கும் மெல்லிய செம்புச் சுவர், நீண்ட நேரத்தில் அடியோடு கரைந்துபோகும். அப்போது இரண்டு கோடு ஒரு அகலப் பள்ளமாகிவிடும். அகலப் பள்ளத்தில் மை நிற்காது, துடைக்கும் துணி அதையும் துடைத்துக்கொண்டு போகும். மிகக் கறுப்பாக வர வேண்டிய இடம் நடுவில் சாம்பலாக வெளிறிக் கிடக்கும். நிழலுக்கென்று கோடுகளை நெருக்கித் தள்ளுகிற புதியவர்களுக்குத் தவறாமல் நேர்வது இது. நீண்ட நேரம் அரிபடப் போகும் கோடுகளை ஆரம்பத்திலேயே இடைவெளி விட்டு இழுக்க வேண்டும்.

எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். துத்தநாகத் தகட்டை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அரிக்கும் பழைய முறை நச்சுப் புகையைக் கிளப்பும். புகைபோக்கி இல்லாத வீட்டில் அதைத் தொடவே கூடாது. ஃபெரிக் குளோரைடில் அலுமினியத்தைப் போட்டால் கொதித்துப் பொங்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பயன்படுத்திய கரைசலில் கரைந்த செம்பு இருக்கிறது. அது மீனுக்கும் மண்ணுக்கும் நஞ்சு. சலவைச் சோடாவைச் சிறிதுசிறிதாகப் போட்டு நுரை அடங்கும்வரை நடுநிலையாக்கி, படியும் சகதியை வடித்து உலர்த்தி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் தர வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் அது கடைசியில் வைகைக்குத்தான் போகும்.

சுருக்கமாக: மெழுகு மூடுகிறது, ஊசி திறக்கிறது, அமிலம் ஆழமாக்குகிறது, வார்னிஷ் நிறுத்துகிறது. கோட்டின் கருமையைத் தீர்மானிப்பது கடிகாரம்.

## தேறலின் சாயல்: அக்வாடிண்ட்

கோடு மட்டும் போதுமென்றால் இதோடு நிறுத்தலாம். கிண்ணத்துக்குள் நிற்கும் தேறலுக்குக் கோடு உதவாது. நீர்போல் பரவும் சாயல் வேண்டும். அதற்கான முறை அக்வாடிண்ட். ரோசினை மிக நுண்ணிய தூளாக்கித் தகட்டில் பனிபோல் தூவி, அடியிலிருந்து சூடாக்கினால் ஒவ்வொரு துகளும் உருகிச் சின்னஞ்சிறு முத்தாக ஒட்டிக்கொள்ளும். அமிலம் முத்துகளைச் சுற்றி மட்டும் அரிக்கும். சொரசொரப்பான அந்தப் பரப்பு மையைச் சமமாகப் பிடித்துக்கொள்ளும்.

சூடு காட்டும்போது கவனம் சிதறக் கூடாது. வெள்ளைத் தூள் கண்ணாடிபோல் தெளிகிற நொடியில் நெருப்பை விலக்க வேண்டும். முந்தினால் துகள் அமிலத்தில் உதிர்ந்துவிடும். பிந்தினால் முத்துகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே தோலாகி, அமிலம் நுழைய வழியே இருக்காது. ரோசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், காற்றில் மிதக்கும்போது தீப்பிடித்து வெடிக்கவும் கூடும். மூடிய பெட்டிக்குள் தூவ வேண்டும், முகமூடி இல்லாமல் திறக்கக் கூடாது.

அக்வாடிண்டில் நேரம் நொடிகளில் தொடங்கும். 15 நொடி மிக வெளிறிய சாம்பல், ஒரு நிமிடம் நடுத்தரம், பத்து நிமிடம் ஏறக்குறையக் கருப்பு. ஓரம் தெரியாமல் கசிந்த கறைபோல் வேண்டுமானால் வார்னிஷால் மூடாமல், தூரிகையில் அமிலத்தைத் தொட்டு நேராக அக்வாடிண்ட் மீது வைப்பார்கள். சிந்திய மதுவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

நிறம் வேண்டுமென்றால் கிண்ணத்துக்கு மட்டும் கருஞ்சிவப்பு மையைச் சிறு துணிப் பொதியால் ஒற்றிவிடலாம். சித்தூர்ப் பக்கத்தில் பிறந்து பாரிசில் பணியாற்றிய கிருஷ்ணா ரெட்டி, கெட்டித்தன்மை வேறுபடும் மைகளை ஒரே தகட்டில் ஒன்றோடொன்று கலக்காமல் ஏற்றும் வழியைச் செம்மைப்படுத்தியவர். அது தனிப் பாடம்.

திராட்சைக்காரர்களான நமக்கு இன்னொரு முறை கைகொடுக்கும். மெழுகுப் பூச்சில் கொஞ்சம் வாசலின் சேர்த்தால் அது உலராமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். இதை மென்பூச்சு என்பார்கள். அதன் மேல் எதை அழுத்தி எடுத்தாலும் அதன் தடத்தில் மெழுகு பெயர்ந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைப் பந்தலிலிருந்து ஒரு இலையைக் கொண்டுவந்து, செய்தித்தாளுக்குள் ஒரு நாள் வைத்துச் சாறு வற்றவிடுங்கள். முற்றிலும் காய்ந்தால் அழுத்தத்தில் நொறுங்கும். பச்சையாக இருந்தால் நசுங்கிச் சாறு மெழுகைக் குழப்பும். நரம்பு புடைத்த அடிப்பக்கம் தகட்டைப் பார்க்க வைத்து, மேலே மெழுகுத்தாள் போட்டு, லேசான அழுத்தத்தில் அச்சுப் பொறியின் உருளைகளுக்குள் ஒருமுறை விட வேண்டும். இலையை உரித்தால் நடுநரம்பிலிருந்து கடைசிக் கிளைநரம்பு வரை செம்பில் திறந்திருக்கும். எந்த ஊசியாலும் அப்படி வரைய முடியாது.

## புள்ளி வைத்த எழுத்தும் திருப்பி எழுதுவதும்

படம் இடவலம் மாறினால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. எழுத்து மாறினால் படிக்கவே முடியாது. பாட்டின் வரியைத் தகட்டில் கண்ணாடிப் பிம்பமாக எழுத வேண்டும். தேறல் என்ற சொல் தகட்டில் இடமிருந்து பார்த்தால் ல், ற, த, அதற்குப் பிறகு இரட்டைக் கொம்பு என்று நிற்கும். ஒவ்வொரு எழுத்தும் திரும்பியும் இருக்கும். டிரேசிங் தாளில் மெல்பென்சிலால் நேராக எழுதி, தாளைக் கவிழ்த்துத் தகட்டின் மீது வைத்து உருளைக்குள் விட்டால் பென்சில் தடம் மெழுகில் இறங்கிவிடும். அதைப் பின்பற்றி ஊசியை ஓட்டலாம். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1789இல் தம் கவிதைகளையும் படங்களையும் ஒரே தகட்டில் இப்படி இடவலம் மாற்றி எழுதினார். ஆனால் அவர் அமிலம் படாத திரவத்தால் எழுதிச் சுற்றியிருந்ததை அரித்தார். எழுத்து மேடாக நின்றது.

தமிழ் எழுத்துக்கென்று இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று, ணகரம். அதன் சுழிகளுக்கு இடையே உள்ள இடம் குறுகலானது. பக்கவாட்டு அரிப்பில் சுழி அடைந்து கருந்திட்டாகிவிடும். எழுத்து 6 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், 15 நிமிடத்துக்கு மேல் அரிக்க வேண்டாம். அதாவது கையின் கோடுகளோடு சேர்த்தே எழுத்தையும் மூடிவிட வேண்டும்.

இரண்டாவது, புள்ளி. நாம் எடுத்த வரியில் மட்டும் ஏழு மெய்யெழுத்துப் புள்ளிகள் இருக்கின்றன. மெழுகில் ஒரு ஊசிமுனைத் துளை விழுந்து அமிலம் இறங்கினால் அதுவும் அச்சில் புள்ளிதான். தேறலின் றகரத்துக்கு மேல் அது விழுந்துவிட்டால் சொல்லே கெட்டது. ஆகவே அமிலத்தில் இறக்குமுன் உருப்பெருக்கியால் அந்த வரியின் மேற்பக்கத்தைப் பார்த்து, சந்தேகமான இடத்திலெல்லாம் வார்னிஷ் தொட்டு வைக்க வேண்டும். மீறி விழுந்த புள்ளியை மும்முனைச் சுரண்டியால் சுரண்டி, மழுங்கல் எஃகால் எண்ணெய் தொட்டுத் தேய்த்துச் சமன்செய்யலாம். அதற்குச் செலவாகும் நேரம் வார்னிஷ் தொடுவதைப்போல் பல மடங்கு.

## மை, காகிதம், உருளை

மெழுகைத் தின்னர் போன்ற கரைப்பானால் துடைத்து நீக்கியபின் தகட்டில் தெரிவது மங்கலான பள்ளங்கள் மட்டுமே. ஆளி விதை எண்ணெயைக் காய்ச்சிக் கரியோடு அரைத்த கெட்டி மையைத் தகடு முழுக்க அப்பி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஏற்ற வேண்டும். பிறகு விறைப்பாகக் கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி, வட்டமாக, அழுத்தாமல் துடைப்பது. கடைசித் துடைப்பு உள்ளங்கையால், கொஞ்சம் சாக்பீஸ் தூள் தொட்டு. எவ்வளவு விட்டுவைப்பது என்பது ஓவியரின் தீர்மானம். கடலுக்குப் பின்னால் மெல்லிய மை மூட்டம் இருக்கட்டும் என்று விட்டுவிடலாம், கிண்ணத்தின் விளிம்பை விரல் நுனியால் பளிச்சென்று துடைத்து எடுக்கலாம். வெயில் காலத்தில் மை இளகிப் பள்ளத்திலிருந்தும் வெளியே வந்துவிடும். மெக்னீசியம் கார்பனேட் தூள் சேர்த்துக் கெட்டியாக்குவார்கள்.

காகிதம் பருத்தி நாரில் செய்த 250 முதல் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் எடை. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மைஒற்றுத்தாள்களுக்கு இடையே வைத்து மேல் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். பரப்பில் ஈரம் மினுங்கினால் எண்ணெய் மை ஒட்டாது. உலர்ந்துவிட்டால் காகிதம் பள்ளத்துக்குள் வளைந்து இறங்காது, கோடு அறுந்தறுந்து வரும். மதுரை மே மாதத்தில் மின்விசிறியைப் போட்டுவிட்டு இந்த வேலை செய்ய முடியாது. ஒற்றுத்தாளிலிருந்து உருளைக்குப் போவதற்குள் ஓரம் காய்ந்துவிடும்.

இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே நகரும் மேடையில் தகடு, அதன் மேல் காகிதம், அதன் மேல் கம்பளி விரிப்புகள். சக்கரத்தைச் சுற்றினால் எல்லாம் ஒன்றாக அழுந்தி மறுபக்கம் வரும். காகிதத்தை மூலையில் பிடித்து மெல்ல உரிக்கும்போதுதான் படம் முதல்முறையாகப் பிறக்கிறது. இந்த உருளைப் பொறி வீட்டில் வைக்கும் பொருளல்ல. சென்னையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் பதிப்போவியக் கூடம் இருக்கிறது. தகட்டை இங்கே அரித்துவிட்டு அச்சை அங்கே எடுப்பதும் நடைமுறைதான்.

## 3/20 சொல்வது என்ன

ஒரு அச்சு எடுத்ததும் தகடு வெறுமையாகிவிடும். அடுத்ததற்கு மறுபடி மை அப்பி, துடைத்து, காகிதம் வைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் ஆகும். இருபது எடுப்பது இரண்டு நாள் உடல் உழைப்பு. ஒவ்வொன்றும் கையால் துடைக்கப்படுவதால் இரண்டு அச்சுகளை அருகருகே வைத்தால் மை மூட்டத்தில் சிறு வேறுபாடு தெரியும்.

கீழே எழுதியுள்ள எண் இந்தத் தொகுதியை அடையாளப்படுத்துகிறது. சாய்கோட்டுக்குக் கீழ் எண், மொத்தம் எத்தனை. மேல் எண், அதில் இது எது. 1/20, 20/20ஐவிட உயர்ந்தது என்பது வெறும் நம்பிக்கை. இருபதுக்கு வெளியே ஓவியர் தமக்கென்று எடுத்துக்கொள்ளும் சில அச்சுகளில் ஏ/பி (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று எழுதுவார். கோடு மட்டுமுள்ள செம்புத் தகடு நூறு அச்சுக்கு மேலும் தாங்கும், அக்வாடிண்ட் அதற்கு முன்பே தேயத் தொடங்கும். தொகுதி முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஆழமாகக் கீறி, இனி யாரும் எடுக்க முடியாதபடி செய்வது நேர்மையான வழக்கம்.

கணினி பிரிண்டரில் அச்சிட்ட ஓவியத்துக்கும் இன்று இதே மாதிரி 3/20 எழுதி விற்கிறார்கள். அதை வாங்குவதில் தப்பில்லை, எட்சிங் என்று நம்பி வாங்குவதுதான் தப்பு. கண்டுபிடிப்பது எளிது. எட்சிங்கில் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திச் சதுரப் பள்ளமாகத் தெரியும். படத்தை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் கனத்த கோடுகளின் மை காகிதத்துக்கு மேல் எழும்பி நிற்பதைக் காணலாம். நகத்தால் தொட வேண்டாம், பார்வையே போதும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் கோடு முறியாத கருப்பாக ஓடும். இயந்திர அச்சானால் அதே கோடு நிறநிறமான நுண்புள்ளிகளாக உடைந்துபோகும். விளிம்புப் பள்ளத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதைத் தனியாக அழுத்திப் போலியாகப் போட முடியும். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

## சட்டம் போடும்போது

வாங்கிய எட்சிங் பெரும்பாலும் கெடுவது பிரேம் கடையில்தான். சொல்லாமல் கொடுத்தால் அட்டையில் பசை தடவி ஒட்டிவிடுவார்கள், இல்லையென்றால் லேமினேட் செய்துவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் எழும்பி நிற்கும் மை நசுங்கும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. வெள்ளை ஓரம் அதிகமாக இருக்கிறதென்று வெட்டவும் செய்வார்கள். அந்த ஓரத்தில்தான் எண்ணும் கையெழுத்தும் விளிம்புப் பள்ளமும் இருக்கின்றன. கடைக்காரரிடம் மூன்று விஷயங்களை எழுதியே கொடுத்துவிடுங்கள். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், அமிலமற்ற காகிதப் பட்டையும் மாவுப் பசையும் கொண்டு தொங்கவிட வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அட்டைச் சட்டம் வைக்க வேண்டும். பின்பக்கத்தை அட்டைப்பெட்டித் துண்டால் மூடக் கூடாது, ஏனென்றால் அதிலுள்ள அமிலம் சில வருடத்தில் பருத்திக் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். வீட்டில் மாட்டுகிற சுவர் மேற்கு வெயில் விழாததாகவும் மழைக்காலத்தில் ஓதம் ஏறாததாகவும் இருக்கட்டும். ஓதமுள்ள சுவரில் முதலில் பூஞ்சணம் வரும், பின்னாலேயே ராமபாணப் பூச்சி வரும்.